பதினாலாவது பாட்டு

பழைய டவுனில் இருந்து திருப்பாப்புலியூருக்கு
ஐந்து பாட்டு தூரம்.
மோகினிப் பாலத்தில் லாரி மடக்கி நின்றால் ஆறு.
மழை நாளில் எட்டு வரைக்கும் போயிருக்கிறேன்.
கிலோமீட்டர் கணக்கு என்னைக் கேட்காதீர்கள்.
ஷேர் ஆட்டோ இது,
தலைக்குப் பதினைந்து ரூபாய்.

ஸ்டீயரிங் பக்கத்தில்
சிவப்புப் பென் டிரைவ் மினுங்கிக்கொண்டிருக்கும்.
நவநீதன் ஹிட்ஸ், இருபத்திரண்டு.
அந்த ஆள் முந்நூறு பாடினாராம்.
மீதி எங்கே போச்சு என்று
சிப்காட் வீரசேகரன் ஒருநாள் கேட்டார்,
மூன்றே விரலில் சில்லறை எண்ணிக்கொண்டு.
வலையில் நின்றதுதான் மீன் என்றாள் அஞ்சலாட்சி,
ஓடினது கடலோடது.

எனக்கு அந்தக் குரல் பிடிக்காது,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
வெண்ணெய் தடவின குரல்.
இருபத்திரண்டில் பதினேழு பாட்டில்
வந்துவிடுவேன் வந்துவிடுவேன் என்கிறார்.
அப்படிச் சொல்லி எந்த ஆம்பளை வந்தான்?
என் வீட்டுக்காரர் விட்டுப்போனது
இந்த வண்டி,
கட்டாத தவணை பதினொன்று,
இந்தப் பென் டிரைவ்.

பிடுங்கி டேஷ்போர்டுக்குள் எறிந்துவிட்டு
குத்துப்பாட்டு வைத்தேன்.
சாமிப்பாட்டு வைத்தேன்.
ஒரு வாரம் எஃப்.எம்.
கூட்டம் குறையவில்லை, பொய் சொல்லமாட்டேன்.
ஆனால் அத்தனை தலையும் போனுக்குள் குனிந்து வந்தது.
கண்ணாடியில் எனக்குப் பார்க்க
ஒரு முகமும் கிடைக்கவில்லை.
எட்டாம் நாள் திரும்பச் சொருகினேன்.
இம்பீரியல் ரோடு முழுக்க
கூடைமேல் விரல்கள் தாளம் போட்டன.

பதினாலாவது பாட்டில் ஓர் ஓட்டை உண்டு.
கேசட்டில் இருந்து ஏற்றினவன் எவனோ,
நாடா கசங்கியிருக்கவேண்டும்.
இரண்டாம் சரணம், மூன்றாவது வரி முடிகிற இடம்,
இரண்டு நொடி ஒன்றுமே இல்லை.
டீசல் சத்தம் மட்டும்.
அந்த இரண்டு நொடியில்
வண்டி மொத்தமும் வாய் திறக்கும்.

அஞ்சலாட்சி அதில் கடலே என்று போடுவாள்.
அவளுக்கு எந்தப் பாட்டும் கடலே.
நர்சிங் படிக்கிற பர்ஹானா
வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு பெயரை.
உதடு மட்டும்தான் அசையும்,
கண்ணாடியில் படித்துவிட்டேன், சொல்லமாட்டேன்.
மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாய்தாவுக்கு
மாசாமாசம் வருகிற ஜோடி ஒன்று,
எதிரெதிர் சீட்டு, பேச்சே கிடையாது.
அந்த இடம் வந்ததும்
இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.
சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.
புலியூரில் இறங்கி
தனித்தனியாக வேறு வண்டி பிடித்தார்கள்.

போன தையில் என் மகன் இனியன்
போனில் தேடி நல்ல பிரதி இறக்கித் தந்தான்.
கண்ணாடி மாதிரி இருக்கும்மா, கேள் என்றான்.
இருந்தது.
வயலின் நாலும் தனித்தனியாகக் கேட்டது.
அந்த இடமும் வந்தது.
அங்கே வார்த்தையே இல்லை.
நவநீதன் மூச்சு வாங்குகிறார்.
லேசாக ஒரு ம்ம்.
எச்சில் விழுங்குகிற சத்தம்கூட இருக்கிறது.
அவ்வளவுதான்.

வண்டிக்குள் திறந்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன.
என்ன பாப்பா, பாட்டு கெட்டுப்போச்சா
என்று கேட்டாள் அஞ்சலாட்சி.
கெட்டுத்தான் போச்சு என்றேன்.
மறுநாள் பழையது.

புதியதை அழிக்கவில்லை.
ராத்திரி கடைசி நடை,
ஆள் இறங்கி, வண்டி காலியாகி,
உப்பனாற்றுக் காற்று சேறும் ஐஸுமாக உள்ளே வரும்.
அப்போது அதை வைப்பேன்.
பாலத்தின் மேட்டில் ஏறும்போது
சரியாக அந்த மூச்சு வரும்.
நான் எந்த வார்த்தையும் போடுவதில்லை.
அந்த ஆள் மூச்சு வாங்கட்டும்.
பாவம், அவருக்கும் பாட்டு நீளம்.
வந்துவிடுவேன் என்கிறார் மறுபடி.
சரி, வா என்று
கியரை இரண்டுக்கு மாற்றுகிறேன்.

இன்னும் நாலு தவணை.